ஆற்றுத்துறைக்கு வேலி: விடுதி தரும் அனுமதிச் சீட்டை வாங்கலாமா?

கரூருக்கும் திருச்சிக்கும் இடையே காவிரிக் கரையிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து, அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளிவர வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், அடையாளங்களை நீக்கிவிட்டு அவருடைய நீண்ட கடிதத்தின் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. அதன் ஓரமாகச் செல்லும் வண்டிப்பாதை வழியாகத்தான் ஊரார் தலைமுறைகளாகப் படித்துறைக்குப் போய்வந்திருக்கிறார்கள். குளிப்பது, துணி துவைப்பது, ஆடிப் பதினெட்டன்று முளைப்பாரி விடுவது, கருமாதி செய்வது எல்லாம் அங்கேதான். படித்துறையைக் கட்டியது ஊராட்சி. வாசகர் சிறுவயது முதலே தூண்டில் போடுகிறவர். இப்போது விடுமுறை நாட்களில் மகனையும் அழைத்துச் செல்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் தோப்பு கைமாறியது. வாங்கியவர் அங்கே ஆற்றங்கரை விடுதி ஒன்றைக் கட்டி, இந்தத் தை மாதத்தில் பாதையின் குறுக்கே இரும்புக் கதவு போட்டிருக்கிறார். வலைக்கம்பி வேலியை ஆற்று மணலுக்குள்ளும் சில தூண்கள் நிற்கும்படி இழுத்துவிட்டார். தோப்பின் பட்டா ஆற்றின் பாதிவரை செல்கிறது என்றும், அந்தப் பகுதிக்கு மீன்பாசி குத்தகையும், அதாவது மீன் பிடிக்கும் உரிமைக்கான குத்தகையும், எடுத்திருப்பதாகவும் விடுதி மேலாளர் சொல்கிறார். ஊரார் கூடிக் கேட்டபோது, காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை படித்துறைக்கு வர ஊர்க்காரர்களுக்கு இலவச அடையாளச் சீட்டு தருவதாகவும், மீன் பிடிக்க மட்டும் அனுமதி இல்லை என்றும் கூறி, "உரிமையாளரின் அனுமதியின்பேரில்" என்ற வாசகம் அடங்கிய படிவத்தைக் கொடுத்திருக்கிறார்கள். பெரியவர்கள் பலர் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். இளைஞர்கள் இரவோடு இரவாக வேலியை அறுத்துவிடலாம் என்கிறார்கள். ஆறு பொதுச்சொத்து என்பதால் தடுக்கவே முடியாதல்லவா, 60 ஆண்டுகளுக்கும் மேலான பயன்பாடு உரிமை ஆகாதா, மீன் பிடிப்பதைத் தடுக்க முடியுமா, படிவத்தில் கையெழுத்திடலாமா, புகார் கொடுத்தால் தன் வேலைக்குப் பாதிப்பு வருமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

படிவத்தைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். நீங்கள் கையெழுத்திட வேண்டாம். மற்றவர்களும் கையெழுத்திடாதபடி எடுத்துச் சொல்லுங்கள். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

உங்கள் கடிதத்தில் திரும்பத் திரும்ப வரும் வாதம், ஆறு பொதுச்சொத்து, ஆகவே அங்கே போக யாரும் தடைபோட முடியாது என்பது. இதன் முற்பாதி பெருமளவு சரி. பிற்பாதியை அப்படியே ஏற்க முடியாது. ஓடும் தண்ணீர், அது ஓடும் மணல், கரை, கரைக்குப் போகும் பாதை, தண்ணீரில் இருக்கும் மீன் ஆகியவற்றுக்குச் சட்டம் தனித்தனி, காட்ட வேண்டிய ஆவணம் தனித்தனி, முறையிட வேண்டிய அலுவலகமும் பெரும்பாலும் தனித்தனி. எல்லாவற்றையும் சேர்த்து "ஆற்றை ஆக்கிரமித்துவிட்டார்கள்" என்று ஒரே மனுவாக எழுதிக் கொடுத்தால், அது வருவாய்த் துறையிலிருந்து நீர்வளத் துறைக்கும், அங்கிருந்து ஊராட்சிக்கும் போய், கடைசியில் "இது எங்கள் வரம்பில் இல்லை" என்ற குறிப்போடு உங்களிடமே திரும்பிவரும். இத்தகைய மனுக்களில் பெரும்பகுதி தோற்பது இப்படித்தானே தவிர, சட்டம் இல்லாததால் அல்ல.

ஆற்றின் பாதிவரை பட்டா என்ற பேச்சு

இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டத்தில், அலை ஏறாத ஆறுகளில் கரை நிலத்துக்காரருக்கு நடு நீரோட்டம் வரை படுகை சொந்தம் என்ற அனுமானம் உண்டு. மேலாளர் பேச்சின் வேர் அதுவாக இருக்கலாம். தமிழ்நாட்டில் இந்த அனுமானத்துக்கு இடம் மிகக் குறைவு. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் தன் 2-ஆம் பிரிவிலேயே ஆறுகள், ஓடைகள், ஏரிகள் ஆகியவற்றின் படுகைகளும், தேங்கியும் ஓடியும் இருக்கும் தண்ணீரும் அரசின் சொத்து என்று அறிவிக்கிறது. ஜமீன்தார், இனாம்தார் முதலானோரின் உரிமைகளுக்கு அதே பிரிவில் விலக்கு இருந்தது உண்மைதான். ஆனால் 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் அந்த எஸ்டேட்டுகளை அரசு எடுத்துக்கொண்டபோது, அவற்றோடு ஆறுகள், ஓடைகள், மீன்பிடி உரிமைகள், பரிசல் துறைகள் வரை பெயர் சொல்லி அரசிடம் சேர்த்துவிட்டது. எனவே உங்கள் பகுதி பழைய ஜமீனுக்கு உட்பட்டதாக இருந்து, யாராவது பழைய ஜமீன் கிரயப் பத்திரத்தைக் காட்டினாலும் பதறத் தேவையில்லை.

பட்டா எதுவரை என்பதை மேலாளர் பேச்சை வைத்து அல்ல, ஆவணத்தை வைத்து முடிவுசெய்யுங்கள். ஊரின் நிலங்களைப் புல எண் வாரியாகக் காட்டும், கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் தோப்பின் புல எண்ணும் ஆற்றின் புல எண்ணும் தனித்தனியாக இருக்கும். ஆற்றுக்கு எதிரே "ஆற்றுப் புறம்போக்கு" என்று எழுதப்பட்டிருக்கும். புலப்படத்தில் தோப்பின் எல்லை எந்தக் கோட்டில் முடிகிறது என்பது அளவோடு இருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கும் ஒவ்வொரு தூணும் ஆக்கிரமிப்பு. 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அறிவிப்புக் கொடுத்து அகற்றும் அதிகாரம் வருவாய்த் துறைக்கு உண்டு. வருவாய்த் துறை பி மெமோ என்ற ஆக்கிரமிப்பு அறிவிப்பைக் கொடுத்து அபராதம் வசூலித்திருக்கிறது, ஆகவே இடம் ஒழுங்காகிவிட்டது என்று சிலர் வாதிடுவார்கள். பி மெமோ என்பது ஆக்கிரமிப்பு நடந்திருக்கிறது என்பதற்கான அரசின் பதிவு. எத்தனை ஆண்டுகள் அபராதம் கட்டினாலும் அது உரிமையாகாது.

இங்கே உங்கள் தரப்புக்கும் ஒரு எச்சரிக்கை. காவிரியில் கரைக்கும் நீரோட்டத்துக்கும் இடையே உள்ள படுகை நிலம் முழுவதும் புறம்போக்கு என்று நினைத்துவிடாதீர்கள். வாழையும் கோரையும் வைக்கும் படுகைகளில் பட்டா நிலங்களும் உண்டு. அத்தகைய நிலத்துக்குள் நடமாடுவதற்கு, ஆறு பக்கத்தில் இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது. அதேபோல, பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவே தவிர முழுமையான உரிமைமூலம் அல்ல என்ற விதி இரு தரப்புக்கும் பொருந்தும்.

நீங்கள் குறிப்பிட்ட பொது நம்பிக்கைக் கோட்பாடு பற்றியும் ஒரு சொல். எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஓடும் நீர், கடற்கரை, காடு ஆகியவற்றுக்கு அரசு அறங்காவலர் மட்டுமே, அவற்றைத் தனியாருக்குத் தாரைவார்க்க முடியாது என்று நிலைநாட்டியது. வழக்கு உங்களுடையதைப் போலவே ஆற்றங்கரை விடுதி பற்றியது. மணாலி அருகே பியாஸ் ஆற்றின் போக்கையே திருப்பிய அந்த விடுதிக்குக் கொடுக்கப்பட்ட குத்தகையை நீதிமன்றம் ரத்துசெய்து, விடுதிக் கட்டடத்திலிருந்து ஆற்றுப் பக்கமாக 4 மீட்டருக்கு மிகாத தூரத்தில் அவர்களே எல்லைச்சுவர் கட்டிக்கொண்டு அதற்குள் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. வேலி யாரை எங்கே நிறுத்த வேண்டும் என்று நீதிமன்றம் பார்த்தது என்பதற்காகவே இந்த விவரத்தைச் சொல்கிறேன். ஆனால் இத்தீர்ப்பு முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்துவது. ஆற்றை விற்காதே, காப்பாற்று என்று அது அரசிடம் சொல்கிறது. தனியார் தோப்புக்கு நடுவே பாதை இருக்கிறதா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. மணலில் நிற்கும் தூண்களுக்கு எதிராக அது வலுவான ஆயுதம். இரும்புக் கதவுக்கு எதிராக அது மட்டும் போதாது.

உங்கள் வழக்கு உண்மையில் பாதையைப் பற்றியது

வெளிநாட்டிலிருக்கும் உறவினர் அனுப்பிய காணொளியில், அங்கெல்லாம் ஆற்றுக்கு யாரும் எப்படியும் போகலாம் என்று சொல்லப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஆற்றை வழக்கமான உயர்நீர்க் கோடு வரை பொதுமக்கள் பயன்படுத்த அனுமதிக்கிறது. ஆனால் அங்கே போய்ச்சேரத் தனியார் நிலத்தைக் கடக்கும் உரிமையை அது தரவில்லை. ஸ்காட்லாந்தின் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் நிலத்திலும் நீரிலும் நடமாட மிகத் தாராளமான உரிமை தருகிறது. மீன் பிடிப்பதை அந்த உரிமையிலிருந்து விலக்கியும் வைத்திருக்கிறது. தாராளமான நாடுகளிலேயே பாதையும் மீனும் தனியாகத்தான் பார்க்கப்படுகின்றன. நம் ஊருக்கு வருவோம்.

உங்கள் வண்டிப்பாதை மூன்றில் ஏதோ ஒரு நிலையில் இருக்கலாம். முதலாவது, அது தனிப் புல எண்ணோடு "வண்டிப்பாதை புறம்போக்கு" என்று பதிவாகியிருப்பது. அப்படி இருந்தால் கதவு நிற்பது அரசு நிலத்தில். வட்டாட்சியரிடம் அளவீடு கேட்டு மனுக் கொடுத்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். இரண்டாவது, பாதை பட்டா நிலத்துக்குள்ளேயே இருந்து, கிராம வரைபடத்திலோ புலப்படத்திலோ புள்ளிக்கோடாகக் காட்டப்பட்டிருப்பது. அப்போது நிலம் அவருடையது, ஆனால் பாதை நெடுங்காலமாக இருப்பதற்கு அரசு ஆவணமே சாட்சி. மூன்றாவது, எந்தப் பதிவிலும் இல்லாமல் வழக்கத்தில் மட்டும் இருப்பது. கடினமானது இதுதான். உங்கள் கடிதத்தைப் படித்தால் நீங்கள் இன்னும் புலப்படத்தைப் பார்க்கவே இல்லை என்று தெரிகிறது. முதலில் அதைப் பாருங்கள். பல ஊர்களில் ஆண்டுக்கணக்காகச் சண்டை போட்ட பிறகுதான், பாதை தொடக்கத்திலிருந்தே புறம்போக்காக இருந்தது தெரியவருகிறது.

மூன்றாவது நிலையில் இருந்தாலும் கைவிட வேண்டியதில்லை. ஆனால் "60 வருஷம் நடந்தோம், ஆகவே உரிமை" என்ற உங்கள் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஈஸ்மெண்ட் சட்டம் என்று வக்கீல்கள் சொல்லும் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 15-ஆம் பிரிவின்படி 20 ஆண்டுகள் அமைதியாகவும் வெளிப்படையாகவும் உரிமையோடும் அனுபவித்த வழிக்குப் பாதுகாப்புத் தருகிறது. எதிர்த்தரப்பு அரசாக இருந்தால் 30 ஆண்டுகள். ஆனால் இது ஒரு நிலத்தின் உரிமையாளர், தன் நிலத்தின் பயனுக்காக அடுத்தவர் நிலத்தில் கேட்கும் உரிமை. ஆற்றோரமாக எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைக்க அந்தப் பாதையில் போகும் விவசாயிகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அவர்களுக்கு இப்பிரிவு பொருந்தும். ஊருக்குள் வீடு மட்டும் உள்ள, குளிக்கவும் தூண்டில் போடவும் போகும் உங்களுக்கு இது அவ்வளவு எளிதாகப் பொருந்தாது. உங்கள் வாதம் வேறு: ஊராருக்கு உள்ள வழக்காற்று உரிமை. பொதுமக்களுக்கு அசையாச் சொத்தின்மேல் உள்ள அத்தகைய உரிமையைத் தான் தொடவில்லை என்று அதே சட்டம் 2-ஆம் பிரிவில் சொல்கிறது. அதை நிரூபிக்க, வழக்கம் பழமையானது, நிச்சயமானது, நியாயமானது, இடைவிடாமல் தொடர்ந்தது என்று காட்ட வேண்டும்.

இங்கேதான் ஆடிப்பெருக்கும் கருமாதியும் உங்களுக்குக் கைகொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுவதை யாரும் எழுதிவைப்பதில்லை. திருவிழா அப்படியல்ல. ஆடிப் பதினெட்டுக்குக் காவல்துறை பாதுகாப்புக் கேட்டு ஊராட்சி எழுதிய கடிதம், கோயில் திருமஞ்சனத்துக்கு அந்தப் படித்துறையிலிருந்து நீர் எடுத்ததைச் சொல்லும் அழைப்பிதழ், தேதியுள்ள பழைய புகைப்படங்கள் எல்லாமே சாட்சியம். இவற்றைவிட வலுவானது படித்துறை. ஊராட்சி பொதுப்பணத்தில் படித்துறை கட்டியிருக்கிறது என்றால், அங்கே போக மக்களுக்கு வழி இருந்தது என்ற அடிப்படையில்தான் கட்டியிருக்க முடியும். அந்த வேலையின் மதிப்பீடு, ஒப்புதல் தீர்மானம், ஊராட்சியின் சொத்துப் பதிவேடு ஆகியவற்றின் நகல்களை வாங்குங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, பலர் அதைத் தேடுவதே இல்லை. தோப்பின் தாய்ப்பத்திரங்களைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டு எடுங்கள். பழைய கிரயப் பத்திரங்களில் நான்கு எல்லை எழுதும் செக்குபந்தியில், "ஆற்றுக்குப் போகும் வண்டிப்பாதைக்கு மேற்கு" என்பது போன்ற ஒரு வரி இருந்துவிட்டால், விடுதி உரிமையாளருக்கு நிலம் வந்த ஆவணமே உங்கள் சாட்சியாகிவிடும். பாதையை ஒப்புக்கொண்ட ஒருவரிடமிருந்து நிலத்தை வாங்கியவர், பாதையே இல்லை என்று சொல்வது மிகக் கடினம்.

மீன்

குத்தகை இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது. மீன்பாசி குத்தகை பெரும்பாலும் ஏரி, குளங்களுக்கு விடப்படுவது. ஆற்றுப் பகுதிக்கும் விடப்படலாம். எந்தத் துறை கொடுத்தது, எந்த எல்லையிலிருந்து எந்த எல்லைவரை, எந்த ஆண்டுகளுக்கு என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் ஊராட்சியிலும் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய்; பதில் 30 நாட்களுக்குள் வர வேண்டும்.

குத்தகை உண்மையாக இருந்தால், அதன் எல்லைக்குள் நீங்கள் தூண்டில் போடுவதற்கு ஆட்சேபம் சொல்ல அவருக்கு இடம் உண்டு என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமையை அரசு குறிப்பிட்ட ஒருவருக்கு வழங்கலாம் என்பது 1914-இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த ஸ்ரீநாத் ராய் வழக்குக் காலத்திலிருந்தே நம் நாட்டுச் சட்டம். ஓடும் ஆற்றில் பிடிபடாமல் திரியும் மீன் யாருடைய கைவசமும் இல்லை என்பதால், தூண்டில் போட்டவர்மேல் திருட்டு வழக்கு என்று மிரட்டுவது பொதுவாக நிற்காது. குத்தகை மீறல் என்ற உரிமையியல் தகராறு நிற்கலாம். அதே சமயம் மீன் குத்தகை என்பது மீனுக்கு மட்டும்தான். குளிப்பவரையும், துவைப்பவரையும், கரையில் உட்கார்ந்து காற்று வாங்குபவரையும் தடுக்க அது எந்த அதிகாரமும் தராது. வேலி போடவும் தராது.

குத்தகை இல்லையென்றால், பொதுப்பாதையில் வந்து பொதுப் படித்துறையில் நின்று தூண்டில் போடுபவரைத் தடுக்க விடுதிக்கு எந்தக் காரணமும் கிடையாது. மீன்வளத் துறையின் விதிகளுக்கு மட்டும் நீங்கள் கட்டுப்பட்டவர். மீன் பிடிக்க வெடித் தோட்டா போடுவதும் நஞ்சு கலப்பதும் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டப்படியே குற்றம். உங்கள் ஊர் இளைஞர்களில் யாருக்காவது அந்தப் பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள், ஏனென்றால் எதிர்த்தரப்பு முதலில் எடுத்துக்காட்டப்போவது அதைத்தான்.

அந்தப் படிவம் ஏன் ஆபத்தானது

வழக்காறாக இருந்தாலும் வசதியுரிமையாக இருந்தாலும், அடிப்படைக் கேள்வி ஒன்றே: நீங்கள் அங்கே உரிமையோடு போனீர்களா, அல்லது ஒருவர் மனமிரங்கி விட்டதால் போனீர்களா? அனுமதியின்பேரில் நடந்தது எத்தனை காலம் நடந்தாலும் உரிமையாக முதிராது; கொடுத்தவர் நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். "உரிமையாளரின் அனுமதியின்பேரில்" என்று ஊரில் பாதிப்பேர் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால், அது சீட்டு வாங்கும் படிவமாக இருக்காது. பின்னாளில் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகச் சான்றாவணமாகக் காட்டப்படும் ஒப்புதல் வாக்குமூலமாக இருக்கும். காவலாளி நீட்டும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதையும் தவிருங்கள். பெரியவர்கள் சண்டை வேண்டாம் என்று நினைப்பதில் தவறில்லை. சமாதானம் வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை; இந்த வாசகத்தோடு வேண்டாம் என்கிறேன்.

நியாயமான சமாதானம் எப்படி இருக்கும் என்று கேட்டால், இரண்டு வடிவங்களைச் சொல்வேன். ஒன்று, பாதை பொதுப்பாதை என்பதை ஒப்புக்கொண்டு, ஊராட்சியையும் ஒரு தரப்பாகச் சேர்த்துப் பதிவுசெய்த ஒப்பந்தம். இரவில் மட்டும் கதவைச் சாத்துவது போன்ற கட்டுப்பாடுகளை அதில் ஏற்கலாம். மற்றொன்று, விடுதியின் நடுவே ஊரார் நடப்பதுதான் அவருக்குச் சங்கடம் என்றால், தோப்பின் எல்லையோரமாக அதே அகலத்தில் ஒரு பாதையைத் தானப் பத்திரமாக ஊராட்சிக்கு எழுதிக் கொடுப்பது. பழைய பாதை புறம்போக்காக இல்லாத இடத்தில் மட்டுமே இந்த இரண்டாவது வழி செல்லும். புறம்போக்கை மாற்றிக் கொடுக்க ஊராட்சிக்கோ உங்களுக்கோ அதிகாரமில்லை. புதிய பாதை பதிவாகி, நடக்கத் தகுதியான பிறகுதான் பழையதை மூட விட வேண்டும். விடுதிக்காரர் விபத்துக்குப் பயப்படுவதாகச் சொல்லியிருந்தால் அதை நடிப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். மணல் அள்ளிய குழிகளில் சிக்கிக் காவிரியிலும் கொள்ளிடத்திலும் உயிர்கள் போயிருக்கின்றன. எச்சரிக்கைப் பலகை வைக்கும் பொறுப்பை ஊராட்சி ஏற்கட்டும். வெள்ளக் காலங்களில் மாவட்ட ஆட்சியர் குளிக்கத் தடைவிதித்தால் அது உங்களுக்கும் விடுதி விருந்தினருக்கும் ஒன்றுபோலவே பொருந்தும்.

எங்கே, எந்த வரிசையில் போவது

இரண்டு காலக்கெடுக்களை மனத்தில் வையுங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படும். தண்ணீர் ஏறிவிட்டால் மணலில் நிற்கும் தூண்களை அளப்பதும் படமெடுப்பதும் கடினம். ஆகவே நில அளவரைக் கொண்டு அளக்கும் மனுவை இந்தக் கோடையிலேயே கொடுங்கள். அடுத்து, வசதியுரிமைச் சட்டத்தின்படி, தடை ஏற்பட்டது தெரிந்தும் ஓராண்டு பொறுத்துக்கொண்டால் அனுபவம் அறுந்துவிட்டதாகக் கொள்ளப்படலாம். வேலி போட்டது தை மாதம். அடுத்த தைப் பொங்கல்வரை பேச்சுவார்த்தையில் இழுத்தடிக்கப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பை இப்போதே எழுத்தில் பதிவுசெய்யுங்கள்.

மே 1 கிராம சபையில் பாதையும் படித்துறையும் ஊரின் பொதுப்பயன்பாட்டில் உள்ளவை என்று தீர்மானம் நிறைவேற்றச் சொல்லுங்கள். தீர்மானம் மட்டும் உரிமையை உருவாக்காது, ஆனால் ஊராட்சியையும் இந்தத் தகராறில் ஒரு தரப்பாக்கும். பிறகு மணலில் உள்ள தூண்களுக்காக வட்டாட்சியரிடமும் நீர்வளத் துறை உதவிப் பொறியாளரிடமும் ஒரு மனு. கதவுக்காக வருவாய்க் கோட்டாட்சியரிடம் வேறொரு மனு. இந்த இரண்டாவது மனுவைத்தான் நான் மிகவும் நம்புகிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு, பொதுமக்கள் சட்டப்படி பயன்படுத்தும் வழி, ஆறு, வாய்க்கால் ஆகியவற்றிலுள்ள சட்டவிரோதத் தடையை அகற்ற, கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவருக்கு அதிகாரம் தருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவுதான் இது. வழியும் ஆறும் அதில் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. ஒரு வரம்பு உண்டு: பொது உரிமையே இல்லை என்று எதிர்த்தரப்பு மறுத்து, அதற்கு நம்பத்தக்க சான்றும் காட்டினால், உரிமையியல் நீதிமன்றம் தீர்மானிக்கும்வரை நடுவர் நிறுத்திவைக்க வேண்டும். அதனால்தான் புலப்படத்தையும் தாய்ப்பத்திரத்தையும் முன்னரே கையில் வைத்துக்கொண்டு போகச் சொல்கிறேன்.

அப்படி நிறுத்தப்பட்டால் உரிமையியல் வழக்கு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 91-ஆம் பிரிவின்கீழ், தனிப்பட்ட இழப்பு எதையும் காட்டாமலே, நீதிமன்ற அனுமதியோடு இரண்டு பேரோ அதற்கு மேற்பட்டோரோ பொதுத் தொல்லைக்கு எதிராக வழக்குத் தொடரலாம். எஞ்சின் வைத்திருக்கும் விவசாயிகள் தங்கள் வசதியுரிமைக்காகத் தனியாகவும் தொடரலாம். அவர்கள் வழக்குத்தான் சில சமயம் வேகமாக நகரும். வழக்கறிஞர் ஆணையரை நியமித்து இடத்தைப் பார்வையிடக் கேளுங்கள். அரசையும் வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்ப்பதாக இருந்தால், அவசரம் காட்டி விலக்குப் பெற்றாலன்றி, இரண்டு மாத முன்னறிவிப்பு வேண்டும். அதிகாரிகள் மனுவைக் கிடப்பில் போட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், அவர்களை நடவடிக்கை எடுக்கச் சொல்லும் நீதிப்பேராணை கேட்கலாம். பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வெறும் பாதைத் தகராறு அங்கே நிற்காது. விடுதியின் கழிவுநீர் ஆற்றில் விடப்பட்டாலோ, படுகையில் கான்கிரீட் போடப்பட்டாலோ நிற்கும். அதற்கும் பொதுவாக ஆறு மாதங்களுக்குள் போக வேண்டும்.

வேலியை அறுக்கும் யோசனையை இன்றே கைவிடச் சொல்லுங்கள். வேலி சட்டவிரோதமாகவே இருந்தாலும், இரவில் கூட்டமாகப் போய் அதை அறுத்தால் சொத்துச் சேதம், அத்துமீறி நுழைதல் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின்கீழ் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். பாஸ்போர்ட்டுக்கோ அரசு வேலைக்கோ காத்திருக்கும் பையன்கள்தான் முதலில் மாட்டுவார்கள். அதன் பிறகு விடுதிக்காரர் புகார்தாரர், நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவர்கள் என்று நிலைமை தலைகீழாகிவிடும்.

உங்கள் வேலையைப் பற்றிய அச்சம் புரிகிறது. ஊர்க்காரர் என்ற முறையில் மனுக் கொடுப்பதும், தகவல் கேட்பதும், நீதிமன்றத்தை நாடுவதும் ஒழுங்கீனம் ஆகாது. மறியலுக்குத் தலைமை தாங்குவது, தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்து அதிகாரிகளைச் சாடுவது போன்றவற்றிலிருந்து விலகியிருங்கள். நடத்தை விதிகளைக் காட்டி விளக்கம் கேட்க அவை இடம் கொடுக்கும். மனுக்களில் முதல் கையெழுத்து ஊராட்சித் தலைவருடையதாகவோ எஞ்சின் வைத்திருக்கும் விவசாயி ஒருவருடையதாகவோ இருக்கட்டும். மீன்பாசி குத்தகை, படித்துறை மதிப்பீடு ஆகியவற்றைக் கேட்கும் தகவல் மனுக்களை நீங்கள் உங்கள் பெயரிலேயே அனுப்பலாம்.